வாசலுக்கு ஒரு பழமரம்: மகிழமா, நாவலா, நறுவிலியா, குருந்தா?

"வீட்டுக்கு முன்னால் 12 அடி மண் இருக்கிறது. நிழல் வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும், பறவை வந்து பழம் தின்ன வேண்டும். நம் மண்ணின் மரமாக ஒன்று சொல்லுங்களேன்." ஐப்பசி நெருங்க நெருங்க இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கும். கேட்பவர் கையில் ஏற்கெனவே நாலு பெயர் இருக்கும். அப்பா மகிழம் என்கிறார். பிள்ளைகளுக்கு நாவல்தான் வேண்டும். நறுவிலி வைத்தால் பறவை நிறைய வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குருந்து என்று எங்கோ படித்தது மனதில் நிற்கிறது. எதை நடுவது என்று முடிவாகாமலே அந்த மழைக்காலம் போய்விடும்.

நாவலும் மகிழமும் நறுவிலியும் நான் நட்டு வளர்த்தவை. குருந்தை நண்பர் ஒருவர் தோட்டத்தில் பல வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். நாலுமே நல்ல மரங்கள். ஆனால் நாலையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. ஒரு வீட்டுக்கு வரமாக இருக்கும் மரம் அடுத்த வீட்டில் தினமும் சண்டையைக் கிளப்பும். வித்தியாசம் மரத்தில் இருப்பதை விட, பழம் விழும் தரையில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் எந்த மரம் என்று யோசிப்பதற்கு முன்னால், பழம் எங்கே விழும் என்று பாருங்கள்.

## நாற்று வாங்கப் போவதற்கு முன்

ஒரு முளைக்குச்சியும் ஒரு கயிறும் போதும். மரம் வைக்க நினைக்கும் இடத்தில் குச்சியை அடித்து, கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டுங்கள். நீங்கள் நினைக்கிற மரத்தின் குடை முழு வளர்ச்சியில் எவ்வளவு அகலமோ, அதில் பாதி நீளத்துக்குக் கயிற்றை விட்டு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அந்த வட்டத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கார் நிற்கும் இடமா, தண்ணீர்த் தொட்டியின் மூடியா, வாசற்படியா, துணி காயப்போடும் கொடியா, பக்கத்து வீட்டு மதிலா? பழுத்த பழத்தில் பாதிக்கு மேல் அந்த வட்டத்துக்குள்தான் விழும். மிச்சம் பறவையின் வயிற்றிலோ வௌவாலின் வாயிலோ போய், வட்டத்துக்கு வெளியே எச்சமாக விழும்.

மேலேயும் ஒரு பார்வை பாருங்கள். மின்கம்பி போகும் வழியில் உயரமாக வளரும் மரத்தை வைத்தால் வருஷா வருஷம் உச்சியை வெட்டுவார்கள். உச்சி வெட்டப்பட்ட மரம் பக்கவாட்டில் குச்சி குச்சியாகத் துளிர்த்து அழகும் கெடும். அந்தத் துளிர்கள் பலமில்லாமல் காற்றில் ஒடியவும் செய்யும்.

அடுத்தது காத்திருப்பு. நட்ட மறு வருஷமே பழம் வேண்டும் என்பவருக்கும், பேரப்பிள்ளைகளுக்காக நடுகிறேன் என்பவருக்கும் ஒரே மரத்தைச் சொல்ல முடியாது. அப்புறம் மண்: மழை பெய்தால் நாலு நாள் தண்ணீர் தேங்குகிற இடமா, ஊற்றினால் உடனே உறிஞ்சிவிடும் செம்மண்ணா? வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? வழுக்கும் பழம் வாசலில் விழுந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து.

காற்றையும் மறக்கக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. விழுந்த மரங்களின் வேர்ப்பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் சிமெண்ட், மறுபக்கம் வாய்க்கால், வேர் ஓட இடமே இருந்திருக்காது. எந்த மரமானாலும் வேருக்கு மண் விடாமல் நட்டால் காற்றுக்கு நிற்காது.

## ஒரே பார்வையில்

| | மகிழம் | நாவல் | நறுவிலி | குருந்து |
|---|---|---|---|---|
| முழு வளர்ச்சியில் குடை | 20–25 அடி | 35–40 அடி | 20–25 அடி | 10–15 அடி |
| சுவரிலிருந்து தள்ளி | 10–12 அடி | 20 அடிக்குக் குறையாமல் | 12–15 அடி | 6–8 அடி |
| வளரும் வேகம் | மெதுவாக | வேகமாக | ஓரளவு வேகமாக | மெதுவாக |
| இலை | எப்போதும் பச்சை | எப்போதும் பச்சை | கோடைக்கு முன் உதிர்க்கும் | எப்போதும் பச்சை |
| பழம் | ஆரஞ்சு நிறம், மாவுத்தன்மை | கருஊதா, சாறு | வெளிறிய இளஞ்சிவப்பு, பிசின் | சின்ன எலுமிச்சை போல |
| தரையில் விழுந்தால் | எளிதாகப் பெருக்கலாம் | அழியாக் கறை | ஒட்டும், வழுக்கும் | ஒன்றுமில்லை |
| முள் | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |
| நாற்று கிடைப்பது | எளிது | எளிது | தேட வேண்டும் | நிறையத் தேட வேண்டும் |

அட்டவணை முதல் வடிகட்டலுக்குத்தான். குடை அளவெல்லாம் வெட்டாமல் விட்டால் பொதுவாக வருவது. மண் நன்றாக இருந்தால் கூடும், இடுக்கில் நட்டால் குறையும்.

## மகிழம்

இந்த மரத்தின் அழகு தூரத்திலிருந்து தெரியாது. பூ சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெள்ளையும் இல்லாத, மஞ்சளும் இல்லாத பால் நிறம். விடியற்காலையில் மரத்தடிக்குப் போனால் இரவெல்லாம் உதிர்ந்த பூ தரையில் கிடக்கும். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், சின்னத் தேர்ச்சக்கரம் போல இருக்கும். நடுவில் ஓட்டையோடுதான் விழும், அதனால் ஊசி இல்லாமலே நூலில் கோத்துவிடலாம். வாடிப் பழுப்பாகிப் பல நாள் ஆன பிறகும் வாசனை போகாது. எங்கள் வீட்டில் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்த பூ, அடுத்த பூக்காலம் வரை மணந்தது.

குடை இயல்பாகவே உருண்டையாக, அடர்த்தியாக வரும். யாரோ கத்தரித்து வைத்தது போல இருக்கும். இலை பளபளப்பாக, ஓரம் லேசாக நெளிந்து இருக்கும். கோடை வெயிலிலும் அடியில் நல்ல நிழல். பழம் கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுக்கும்போது மஞ்சளாகிப் பிறகு ஆரஞ்சாக மாறும். உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு பளபளப்பான பழுப்பு விதை. சதை மாவு போல, லேசான இனிப்போடு தொண்டையைப் பிடிக்கும். பிள்ளைகள் ஒன்றிரண்டு தின்று பார்ப்பார்கள், கூடை வைத்துப் பறிக்க மாட்டார்கள். பறவைகளுக்கும் வௌவாலுக்கும் அந்தக் கவலை இல்லை. விழுந்த பழம் பெரிதாகச் சாறு விடாது, கறையும் பிடிக்காது. துடைப்பத்தால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

இதில் மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், காலம்தான். மகிழம் முதல் மூன்று வருஷம் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும். நட்டவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் பொறுமை இழந்து, உரத்தைக் கொட்டியோ, பிடுங்கி வேறு மரம் வைத்தோ கெடுக்கிறார்கள். அது சும்மா நிற்கவில்லை, கீழே வேர் விடுகிறது. விதையிலிருந்து வந்த கன்று பூக்க ஏழெட்டு வருஷமோ அதற்கு மேலுமோ ஆகலாம். பூத்த பிறகும் பழம் பழுக்கப் பல மாதம் எடுக்கும். அதனால் "பழமரம்" என்ற ஆசையில் மட்டும் மகிழத்தை வைக்காதீர்கள். பூவுக்காகவும் நிழலுக்காகவும் வையுங்கள், பழம் பறவைகளுக்கு.

இன்னொன்று: தண்ணீர் தேங்கும் இடத்தில் மகிழம் தேறாது. ஆழமான, வடிகால் உள்ள மண் வேண்டும். இலை மேல் கரி பூசியது போலக் கருப்பாகப் படிந்தால் அது இலையின் நோய் இல்லை. மேல் கிளையில் செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ உட்கார்ந்து வடிக்கும் இனிப்புநீரில் வளரும் பூசணம் அது. பூச்சியைக் கவனித்தால் கருப்பு தானாகப் போகும்.

முன்பக்கம் 12 அடி மண், வாசலில் கார், வீட்டில் பெரியவர்கள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது மகிழம்தான்.

## நாவல்

நாவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஆசைப்படுவதும் அதிகம் பேர் பிறகு வருந்துவதும் இதில்தான். நானும் வருந்தியவன். ஊரில் எங்கள் வீட்டு வாயிற்கதவிலிருந்து ஆறடி தள்ளி ஒரு நாவல் கன்று வைத்தேன். ஐந்து வருஷம் அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பத்தாவது வருஷம் காய்ப்பு பிடித்தது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் வாசல் தரையெல்லாம் ஊதா வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு கொட்டை, அதைச் சுற்றி எறும்பு. சிமெண்ட் நுண்துளைகளுக்குள் சாறு இறங்கிவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் அடுத்த மழைக்காலம் வரை நிழல் போல நிற்கும். காய்வதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் உண்டு. அம்மா விடியுமுன் எழுந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வெள்ளைச் சுவர் முழுக்க வௌவால் துப்பிய ஊதா. கடைசியில் வீட்டுப் பக்கத்துக் கிளைகளை எல்லாம் வெட்ட வேண்டி வந்தது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்த குடையோடு இன்றும் நிற்கிறது. தவறு மரத்தின் மேல் இல்லை, நான் வைத்த இடத்தின் மேல்.

இடம் இருந்தால் நாவலுக்கு ஈடு கிடையாது. ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் இயல்பாக வளர்ந்த மரம், அதனால் தண்ணீர் தேங்கும் மண்ணைத் தாங்கும். கொஞ்சம் உவர்ப்பையும் பொறுத்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் பூக்கும்போது மரம் முழுக்கத் தேனீயின் இரைச்சல் கேட்கும். தன்னந்தனி மரமே காய்க்கும், துணைக்கு இன்னொன்று தேவையில்லை. டெல்லியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுத் தலைநகர் கட்டியபோது பெரிய சாலைகளின் இருபுறமும் வரிசையாக நட்ட மரங்களில் நாவல் முக்கியமானது. அகலமான சாலையோரப் புல்வெளியில் அது கம்பீரமாக நிற்கிறது. அந்த அகலம் நம் வாசலில் இல்லை என்பதுதான் விஷயம்.

விதை நாற்றா, ஒட்டு நாற்றா (நல்ல மரத்தின் கிளையை விதைக்கன்றின் தண்டில் ஒட்டுக் கட்டி வளர்த்தது) என்ற கேள்வி அடுத்து வரும். விதை நாற்று காய்க்க எட்டுப் பத்து வருஷம். ஒட்டு நாற்று அதில் பாதி காலத்திலேயே காய்க்கும், பழமும் பெரிதாகவும் சதைப்பற்றாகவும் இருக்கும். ஒட்டு என்பதால் குட்டையாகவே நிற்கும் என்று நம்பி விடாதீர்கள். வெட்டாமல் விட்டால் அதுவும் பெரிய மரம்தான். ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் உயரத்தைக் குறைத்து வந்தால் 15 அடியில் நிறுத்தலாம், ஆனால் அந்த வேலையை வருஷம் தவறாமல் செய்ய வேண்டும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே வரும் துளிரைப் பார்த்தவுடன் கிள்ளிவிடுங்கள். விட்டால் அந்தக் காட்டுத் துளிர் மேலே ஏறி ஒட்டை அமுக்கிவிடும்.

விதையிலிருந்து நீங்களே போடுவதானால் பழம் தின்ற கையோடு போடுங்கள். நாவல் கொட்டையைக் காயவைத்து எடுத்து வைக்க முடியாது, இரண்டு வாரத்தில் முளைப்புத்திறன் போய்விடும். ஒரு கொட்டையில் இரண்டு மூன்று முளை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், நாவலின் இயல்பு அது. திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

மறைமுகச் செலவுகள் வேறு சிலவும் உண்டு. விழுந்த பழம் இரண்டாம் நாளே புளித்து மணக்கும், பழ ஈ வரும். பழ ஈயின் புழு சதைக்குள் வளர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும், அதனால் விழுந்ததைப் பொறுக்கிக் குழியில் ஆழமாகப் புதைக்க வேண்டும். பழம் நுனிக்கிளையில்தான் கொத்துக் கொத்தாக இருக்கும். நுனிக்கிளை ஏறுபவர் எடையைத் தாங்காது, பிள்ளைகளை ஏற விடாதீர்கள். கீழே வலையையோ பழைய புடவையையோ விரித்துக் கிளையை உலுக்கினால் போதும்.

வௌவால் பற்றியும் ஒரு வார்த்தை. வௌவால் கடித்த பழம்தான் இனிப்பு என்று நாம் சின்ன வயதில் எடுத்துத் தின்றிருக்கிறோம். இனி வேண்டாம். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் பரவிய நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாக வாழ்வது. வௌவாலை விரட்ட வேண்டியதில்லை, அது கடித்ததைத் தொடாமல் விட்டால் போதும்.

வீட்டுக்குப் பின்னால் தோப்பு மாதிரி இடம், மரத்தடியில் வெறும் மண், ஓரத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளம் என்றால் யோசிக்காமல் நாவல் வையுங்கள். சிமெண்ட் முற்றத்தில் வேண்டாம்.

## நறுவிலி

பல ஊர்களில் இதை மூக்குச்சளிப் பழம் என்பார்கள். பெயரே பழத்தைச் சொல்லிவிடும். கொத்தாகத் தொங்கும் பழத்தில் ஒன்றைப் பிதுக்கினால் கண்ணாடி போன்ற பிசின் நூலாக இழுபடும், நடுவில் கொட்டை வழுக்கும். பள்ளி நாட்களில் நோட்டு அட்டை ஒட்டவும் பட்டம் ஒட்டவும் பசைக்குப் பதில் இதுதான். இனிப்பும் உண்டு.

பறவைதான் நோக்கம் என்றால் நாலில் என் முதல் தேர்வு நறுவிலிதான். பழுக்கும் நாட்களில் மைனா, கொண்டைக்குருவி, குயில் என்று காலையிலிருந்து கூச்சல் ஓயாது. வறட்சியைத் தாங்கும், மண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காது, சில வருஷங்களிலேயே காய்க்கத் தொடங்கும்.

ஆனால் வாசலுக்கு ஆகாது. தரையில் விழுந்த பழத்தின் மேல் கால் வைத்தால் முதலில் வழுக்கும், அப்புறம் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். கார் கண்ணாடியில் காய்ந்துவிட்டால் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். தண்டு நேராகப் போகாமல் கோணிக்கொண்டு வளரும், சிலருக்கு அதுவே அழகு. கோடைக்கு முன்னால் இலையைக் கொட்டிக் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். நிழல் நிச்சயம் வேண்டிய இடத்தில் அது இடைஞ்சல். எச்சத்தோடு விழும் விதை வேலியோரம் முளைக்கும். கட்டடத்தை ஒட்டி முளைப்பதைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

கொல்லைப்புற வேலியோரம், கிணற்றடிக்கு எட்டத்தில், ஆள் அதிகம் நடக்காத மூலை. அதுதான் இதற்கு இடம்.

## குருந்து

காட்டு எலுமிச்சை என்றால் சிலருக்குப் புரியும். சோழமண்டலக் கரையோரம் உள்ள உலர் பசுமைமாறாக் காடுகளிலும், புதுக்கோட்டை, விழுப்புரம் பக்கத்துக் கோயில்காடுகளிலும் இன்னும் நிற்கும் சிறு மரம். எலுமிச்சைக் குடும்பம் என்பதால் இலையைக் கசக்கினால் அந்த மணம் வரும். வெள்ளைப் பூ, நல்ல வாசனை. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைப் பழம். புளிப்பு அதிகம், ஊறுகாய்க்கு ஆகும்.

இடம் குறைந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியவில்லை. குடை சிறிது, பழம் தரையைக் கெடுக்காது, வேர் பிடித்துவிட்டால் வறட்சியிலும் நிற்கும். முள் உண்டு என்பதால் நடைபாதையை ஒட்டி வைக்காமல் மூன்றடி உள்ளே தள்ளி வையுங்கள். ஓணானும் சின்னக் குருவிகளும் அந்த முள்ளைத்தான் பாதுகாப்பாக நினைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நண்பர் தோட்டத்துக் குருந்தில் ஒருநாள் இளம் இலையின் மேல் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டப் போனபோது நகர்ந்தது. வண்ணத்துப்பூச்சியின் புழு! கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் குருந்திலும் இடும். புழு சின்னதாக இருக்கும்போது எச்சம் போல வேஷம் போடும், வளர்ந்ததும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். இலை கொஞ்சம் ஓட்டையாகும். மருந்து அடிக்காதீர்கள். மரம் தாங்கும், இரண்டு வாரத்தில் முற்றமெல்லாம் வண்ணத்துப்பூச்சி.

செலவு என்று பார்த்தால் தேடலும் பொறுமையும்தான். சாதாரண நாற்றுப்பண்ணையில் கேட்டால் வேறு ஏதோ எலுமிச்சைக் கன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். உலர் பசுமைமாறாக் காட்டை மீட்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கும் ஆரோவில், புதுச்சேரிப் பக்கத்து நாற்றங்கால்களில் கேட்டுப் பாருங்கள். பழம் கிடைத்தால் விதையை உடனே போடலாம். நிழலை எதிர்பார்க்க வேண்டாம், ஒரு நாற்காலி போடும் அளவுக்கு நிழல் வரவே பல வருஷம் ஆகும்.

## வேறு சில பெயர்களும் வரும்

சர்க்கரைப் பழ மரத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சிவந்த குட்டிப் பழம், ஒன்றிரண்டு வருஷத்தில் காய்ப்பு, வருஷம் முழுக்கக் குருவி. எல்லாம் உண்மை. ஆனால் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம், நம் மண்ணின் மரம் என்ற வரிசையில் சேராது. கிளையும் மென்மையானது.

பாலை மரம் கோடியக்கரைக் காட்டின் முதன்மை மரம். மஞ்சள் பழம் தேன் போல இனிக்கும். எந்தப் புயலுக்கும் பழகிய, இரும்பு போன்ற மரம். வளர்ச்சி அவ்வளவு மெதுவாக இருப்பதால் வீட்டுக்குச் சொல்லத் தயங்குகிறேன். பள்ளிக்கூட மைதானம், ஊர்ப் பொது இடம் என்றால் தயக்கமில்லாமல் சொல்வேன். வீரை சிவப்புப் பழத்தோடு அழகாக இருக்கும். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒற்றை மரம் வைத்துவிட்டுப் பழத்துக்குக் காத்திருக்க முடியாது, சிறு கன்றில் எது ஆண், எது பெண் என்று பிரித்துப் பார்க்கவும் முடியாது.

திருவொற்றியூரில் மகிழம், திருவானைக்காவில் வெண்ணாவல், ஆவுடையார்கோயிலில் குருந்து தலமரமாக இருக்கிறது. அங்கே போகும்போது நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பதோடு, அதற்கு விட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள். உங்கள் வீட்டு இடத்தை மனதில் ஒப்பிட்டுக்கொள்ள அது உதவும்.

## நட்ட பிறகு

எந்த மரமானாலும் முதல் மூன்று வருஷக் கவனிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நடலாம். தென்மேற்கு மழை கிடைக்கும் கன்னியாகுமரி போன்ற இடங்களில் ஆனியிலேயே நடலாம்.

உடனே பெரிய மரம் வேண்டும் என்று பத்தடிக் கன்று வாங்காதீர்கள். பையில் வெகுநாள் இருந்த கன்றின் வேர் அடியில் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் பத்து வருஷம் கழித்து அந்தச் சுருளே மரத்தைக் கட்டிப்போடும், காற்றில் முதலில் விழுவதும் அதுதான். மூன்று நாலு அடிக் கன்று போதும். பையைக் கிழித்ததும் சுற்றிய வேரைக் கத்தரியால் வெட்டிவிட்டு, மற்றதை விரலால் பிரித்து விடுங்கள். குழி மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். தோண்டிய மண்ணோடு மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். பையில் மண்மட்டம் எங்கே இருந்ததோ அதே மட்டத்தில் தண்டு நிற்க வேண்டும், அதற்கு மேல் புதைக்கக் கூடாது.

தண்ணீர் தினமும் ஒரு குவளை ஊற்றுவதை விட, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு குடம் நிறைய ஊற்றுவது நல்லது. ஆழமாக நனைந்தால்தான் வேர் ஆழமாகப் போகும். மரம் வளர வளரப் பாத்தியைத் தண்டிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி விட்டு. முட்டுக்குச்சி கட்டினால் தளர்வாகக் கட்டி, ஒரு வருஷம் ஆனதும் அவிழ்த்துவிடுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும்.

கீழ்க்கிளைகளை உடனே வெட்டி மொட்டைத் தண்டாக ஆக்குவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. இரண்டு வருஷம் விட்டு வையுங்கள், தண்டு பருப்பதற்கு அந்த இலைகள்தான் சோறு போடும். மூன்றாம் வருஷம் கீழே இருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். முக்கியமாக, பின்னாளில் முற்றத்துக்கு டைல்ஸ் போடும்போது, தண்டைச் சுற்றி நாலடிக்கு நாலடியாவது மண்ணை விடச் சொல்லி வேலையாளிடம் நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் வெளியே போய் வருவதற்குள் தண்டு வரைக்கும் சிமெண்ட் பூசி முடித்திருப்பார்கள்.